மங்கலம் காணாத அரங்குகள்

கச்சேரி என்று ஒன்று தொடங்கினால் அது மங்கலத்தோடு முடிய வேண்டும் என்பது நம் மரபு. பாடுபவர் களைத்திருக்கலாம், அவையோரில் பாதிப்பேர் கடைசிப் பேருந்தை எண்ணி எழுந்து போயிருக்கலாம், ஆயினும் மங்கலம் பாடாமல் மேடையை விட்டு இறங்குவாரில்லை. இதனைச் சடங்கு என்று மட்டும் நாம் கொள்வதற்கில்லை. பலர் கூடி எழுப்பிய ஓர் ஓசையை, அப்பலரும் கூடியே இறக்கி வைக்க வேண்டும் என்னும் பொறுப்பு அதில் அடங்கியுள்ளது. அப்பொறுப்பு தவறிய இடங்கள் சிலவற்றை நம் இலக்கியத்திலிருந்து எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இடையில் நின்றுபோன இசையைச் சிலப்பதிகாரம் போல ஊன்றி நோக்கிய நூல் தமிழில் வேறில்லை என்பது நம் கருத்து.

இருவகைத் தடைகள்

நிகழ்ச்சி இடையில் நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று விபத்து, மற்றொன்று மனவேறுபாடு. இவ்விரண்டின் விளைவும் ஒன்றன்று என்பதற்கு மேலைநாட்டு இசைக்குழுக்களின் வரலாற்றில் தெளிவான சான்றுகள் உள்ளன.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் ஃபிராங்க் சப்பா என்பாரின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. அவையிலிருந்த ஒருவர் கொளுத்திவிட்ட எரியொளி கூரையில் பட்டுத் தீப்பற்றியது. நிகழ்ச்சி நின்றது, மக்கள் வெளியேறினர், சூதாட்ட மாளிகையோடு கூடிய அக்கட்டடம் முழுவதும் எரிந்தது. ஆனால், அதே இடத்தில் ஒலிப்பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் என்னும் குழுவினர் அத்தீயையும் ஏரியின்மேல் படர்ந்த புகையையும் கண்டு பாட்டொன்று புனைந்தனர். அது அவர்கள் பாடல்களிலெல்லாம் புகழ் மிக்கதாயிற்று. விபத்து இசையை நிறுத்தியது. அவ்விபத்திலிருந்தே மற்றோர் இசை பிறந்தது.

இனி மற்றொன்று. டான், ஃபில் என்னும் எவர்லி சகோதரர் இருவர், குரலோடு குரல் இழையப் பாடுவதில் உலகப்புகழ் பெற்றவர்கள். 1973ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் கலிபோர்னியாவில் ஒரு பூங்கா மேடையில், அண்ணன் நிலைதவறிப் பாட, தம்பி தம் கிதாரை உடைத்தெறிந்துவிட்டு வெளியேறினார். அங்கே தீயுமில்லை, மழையுமில்லை. ஆயினும் அவ்விருவரும் மீண்டும் ஒரு மேடையில் சேர்ந்து பாட 10 ஆண்டுகள் ஆயின. 1983இல் இலண்டன் ஆல்பர்ட் அரங்கில்தான் அது கைகூடியது.

விபத்தால் நின்ற இசை விரைவில் எழுகிறது. மனவேறுபாட்டால் நின்ற இசை எழுவதில்லை. எழுந்தாலும் காலம் கடந்தே எழுகிறது. இவ்வுண்மையை இளங்கோவடிகள் எவ்வாறு காட்டுகிறார் என்பதை இனிக் காண்போம்.

ஆசான்மார் அமைத்த அரங்கு

நின்றுபோன இசையைக் காட்டுமுன், நிறைவுற்ற இசை எப்படியிருக்கும் என்பதை அடிகள் அரங்கேற்று காதையில் காட்டிவிடுகிறார். 5 வயதில் தொடங்கி 7 ஆண்டுகள் பயின்று, 12ஆம் வயதில் மாதவி மேடையேறுகிறாள். அவளை உருவாக்கியவர் ஒருவரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஆசிரியர் பலர். ஒவ்வொருவரின் தகுதியையும் நிறுத்தி அளந்து கூறுகிறார் அடிகள். அரங்கின் அளவையும் விட்டாரில்லை. 24 விரல் நீளமுள்ள கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று கணக்கிட்டு, தூண்களின் நிழல் மேடையில் விழாதவாறு விளக்கு வைத்ததையும், மூவகை எழினி கட்டியதையும் கூறுகிறார்.

இவ்வளவிலும் நம் கருத்தைக் கவர்வது தண்ணுமை ஆசிரியனுக்கு அடிகள் வகுத்த இலக்கணமேயாகும். பிற கருவிகளில் குறை நேரின் தன் வாசிப்பால் அதனை நிரப்ப வேண்டும். மிகை நேரின் அதனை அடக்க வேண்டும். இரண்டையும் தன் ஒலி மிஞ்சாதவாறு செய்ய வேண்டும். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும் என ஒன்றையொன்று செவிமடுத்தே இசை வளர்கிறது. யார் முன் செல்வது என்னும் போட்டி அவ்வரங்கில் இல்லை. அதனாலன்றோ ஆடல் நிறைவுற்றது. மாதவி தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். அன்று அவள் பெற்ற மாலையைக் கூனி விற்க, கோவலன் வாங்கினான்.

கடற்கரையில் நின்ற யாழ்

அரங்கேற்று காதை நூலின் 3ஆம் காதை, கானல்வரி 7ஆவது. இடையே நான்கு காதைகளின் தொலைவுதான். இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் அமர்ந்திருக்கின்றனர். வசந்தமாலை கையிலிருந்த யாழை மாதவி வாங்குகிறாள். பண்ணல், பரிவட்டணை முதலான எண்வகைக் கரணங்களாலும் அதனைச் சோதித்து, நரம்புகளைச் செம்மை செய்து, கோவலன் கையில் தருகிறாள். கருவியில் குற்றமில்லை என்பதை இத்துணை விரிவாக அடிகள் கூறுவது காரணத்தோடுதான். பின்னர் நேரப்போகும் பிழைக்கு யாழின்மேல் பழிபோட நமக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறார்.

கோவலன் காவிரியைப் பாடுகிறான். சோழன் கங்கையையும் கன்னியையும் கூடினாலும் காவிரி ஊடுவதில்லை. அது மகளிரின் பெருங்கற்பு என்பது அவன் பாட்டின் கருத்து. தொடர்ந்து கடற்கரை மகளிரைப் பாடுகிறான். கேட்டிருந்த மாதவி, இவன் உள்ளத்தில் வேறொருத்தி உண்டு என எண்ணுகிறாள். எண்ணியதை வாயால் கேட்டாளில்லை. ஊடல் இல்லாதவள் போல் யாழை வாங்கித் தானும் ஒரு குறிப்புடையவள் போலப் பாடத் தொடங்குகிறாள். அவளும் காவிரியையே எடுத்துக்கொள்கிறாள். காவிரி இத்துணை அழகாக நடந்து வருவதற்குக் காரணம் கணவனாகிய சோழனின் செங்கோல் வளையாமையே என்பது அவள் பாட்டின் கருத்து.

இவ்விரு பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது அடிகளின் நுட்பம் புலனாகிறது. ஆடவன் எங்குச் சென்றாலும் பெண் பொறுக்க வேண்டும் என்கிறான் ஒருவன். ஆடவன் நெறி நின்றால்தான் பெண்ணின் நடை சிறக்கும் என்கிறாள் மற்றவள். ஆறு ஒன்றே, யாழ் ஒன்றே; வழக்குகள் இரண்டு. இது பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என்ற அளவில் நின்றிருந்தால் தமிழின் மிக இனிய கச்சேரிகளுள் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் கோவலன் அவள் பாட்டைப் பாட்டாகக் கேட்கவில்லை. நான் கானல்வரி பாடினேன். இவளோ வேறொருவன்மேல் மனம்வைத்துப் பாடினாள் என்று முடிவு கட்டுகிறான். பற்றியிருந்த கையை நெகிழவிட்டு, பொழுது போயிற்று என்று சொல்லி, ஏவலரோடு எழுந்து போகிறான். மாதவி ஒன்றும் பேசாதவளாய்த் தனியே வண்டியேறி வீடு திரும்புகிறாள்.

ஊழ்வினை யாழிசையின்மேல் வைத்து வந்தது என்று அடிகளே கூறியிருக்க, இதில் மனிதர் குற்றத்தை ஆராய்வானேன் என்று கேட்பாருண்டு. அன்பர்களே, ஊழ் என்ற சொல்லோடு நின்றுவிட வேண்டுமென்று அடிகள் கருதியிருந்தால், இருவர் உள்ளத்திலும் எழுந்த எண்ணங்களைத் தனித்தனியே எடுத்துக் காட்டியிருக்க மாட்டார். வாய்விட்டு ஒரு வினா கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம் அது. இருவரும் கேட்கவில்லை. அரங்கேற்று காதையில் குறை நிரப்பவும் மிகை அடக்கவும் ஒரு தண்ணுமை ஆசிரியன் இருந்தான். கடற்கரையில் நாம் காண்பது ஒரே யாழும் இரு குரல்களுமே. இடையில் நின்று சமன் செய்வாரில்லை.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. அங்கே இசை பாதியில் முறிந்ததாயினும், காதை பாதியில் முறியவில்லை. சோழ மன்னனை வாழ்த்தி அடிகள் அதனை முடிக்கிறார். காதலர் பாடத் தவறிய மங்கலத்தைக் கவிஞர் தாமே பாடிவைத்தார் போலும்!

அடுத்த வேனிற்காதையில் மாதவி தனிமையில் யாழெடுத்துப் பாடுகிறாள், பாட்டிடையே மயங்குகிறாள். தாழை மடலில் முடங்கல் எழுதி அனுப்புகிறாள். கோவலன் அதனை வாங்க மறுத்துச் சொல்லும் காரணம் மிகக் கொடியது. அவள் தன்னிடம் காட்டிய அன்பை எல்லாம் கண்கூடு வரி, காண்வரி என எண்வகை வரிக்கூத்தாகப் பிரித்து, ஆடல்மகளாதலின் இவை அவளுக்குப் பொருந்தும் என்று இகழ்கிறான். மேடையில் அவள் கலையைக் கண்டு மாலை வாங்கியவன், மனைக்குள் அவள் மெய்யன்பையும் நடிப்பென்றே கொள்கிறான். கலைஞரின் சினத்தையும் கண்ணீரையும் வேடம் என்று எளிதில் தள்ளிவிடும் இரசிகர் கூட்டத்துக்கு இவனே முன்னோடி எனலாம்.

கூடல் அவையில் எழுந்த ஊடல்

கானல்வரியைப் பற்றிப் பேசாத சிலப்பதிகார மேடை இல்லை. ஆனால் இந்நூலில் இரண்டாவதாக ஓர் அரங்கும் இடையில் நின்றுபோகிறது என்பது பலர் கண்ணில் படுவதில்லை. அது 16ஆவதான கொலைக்களக் காதையில், பாண்டியன் அவையில் நிகழ்கிறது.

மதுரையில் மகளிர் ஆடுகின்றனர். பாட்டும் பண்ணும் சிறக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் அதில் உள்ளம் பறிகொடுக்கிறான். உடனிருந்த கோப்பெருந்தேவிக்கு ஊடல் பிறக்கிறது. அதனை மறைத்து, தலைநோய் என்று காரணம் காட்டி அவையை விட்டு எழுந்து செல்கிறாள். கடற்கரையில் கோவலன் சொன்னதும் பொய்க்காரணம். கூடலில் அரசி சொல்வதும் பொய்க்காரணம். மன்னனும் அமைச்சரை விடுத்துத் தேவியின் ஊடல் தீர்க்க விரைகிறான். அரண்மனை வாயிலில் பொற்கொல்லன் அவனை எதிர்கொள்ளும் கணம் அதுதான். உள்ளம் முழுதும் தேவியின் பால் இருந்த மன்னன், ஆராயாது காவலரை ஏவிவிடுகிறான். கோவலன் உயிர் போகிறது.

கானல்வரியில் பாடுவோருக்குள் பிளவு நேர்ந்தது. இங்கே கேட்போருக்குள் பிளவு நேர்ந்தது. முன்னது கோவலனைப் புகாரை விட்டுப் புறப்படச் செய்தது. பின்னது அவனைக் கொலைக்களத்தில் நிறுத்தியது. இவ்விரண்டு அரங்குகளும் முறையாக நிறைவு பெற்றிருப்பின் கதை வேறு வழியில் சென்றிருக்கக்கூடும். சிலம்பைச் சுற்றி அமைந்த காப்பியம் என்று இதனைச் சொல்கிறோம். நின்றுபோன இரண்டு கச்சேரிகளின்மேல் அமைந்த காப்பியம் என்று சொல்லினும் தவறாகாது.

பாணரோடு ஒரு பொழுது

இவ்விரண்டு அரங்குகளுக்கும் நடுவில், 13ஆவதான புறஞ்சேரியிறுத்த காதையில், அடிகள் சிறிய காட்சியொன்றை வைத்துள்ளார். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் என்னும் அந்தணன் மாதவியின் இரண்டாவது முடங்கலைக் கொண்டுவந்து தருகிறான். இம்முறை கோவலன் அதனைப் படிக்கிறான். தவறு அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கிறான், தளர்ச்சி நீங்குகிறான். உடனே அவன் செய்வது என்ன? வழியில் கண்ட பாணர் கூட்டத்தோடு சேர்ந்து அமர்கிறான். அவர்களின் யாழை வாங்கி வாசிக்கிறான். பின்னர் மதுரை இன்னும் எத்தனைக் காதம் என்று கேட்கிறான்.

கடற்கரையில் கைநழுவிய யாழ் மீண்டும் அவன் கைக்கு வரும் இடம் இதுவே. தன் பிழையை ஒப்புக்கொண்ட பிறகே அது வருகிறது. முன்பின் அறியாத வழிப்போக்கரோடு அவனால் இசைந்து வாசிக்க முடிகிறது. ஆனால் கேட்க வேண்டியவள் அங்கில்லை. அவன் மாண்ட செய்தி கேட்டபின் மாதவி துறவு பூணுகிறாள். மணிமேகலைக் காப்பியத்தில் மறுபடி இந்திர விழா வருகிறது. மாதவியும் மகளும் ஆட வரவில்லையே என்று ஊரார் அலர் தூற்றுகின்றனர். ஒருநாள் மாலை பாதியில் நின்ற பாட்டு, அடுத்த தலைமுறையின் மேடையையும் வெறுமையாக்கிவிட்டது.

நாயனமும் தவிலும்

நம் காலத்திற்கு வருவோம். கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய தில்லானா மோகனாம்பாள், நாயனக் குழுவும் நாட்டியக் குழுவும் மோதும் கதை. ஏ. பி. நாகராசன் 1968இல் அதனைத் திரைப்படமாக்கினார். அப்படத்தில், திருவிழாவில் சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை தொடங்குகிறது. வெடியோசையில் நாயன ஓசை அமிழ்கிறது. தம் கலைக்கு இழுக்கு நேர்ந்ததென்று சினந்து, வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறார் சண்முகசுந்தரம்.

வெடி ஒரு விபத்து. எழுந்து போனது குணம். சண்முகசுந்தரத்தின் தன்மானத்தைக் கண்டு நாமும் கைதட்டினோம். கலைஞனை மதியாத ஊருக்கு அது வேண்டும் என்றோம். ஆனால் நாயனம் எழுந்தால் இரண்டாம் நாயனமும் எழ வேண்டும். தவிலும் தாளமும் எழ வேண்டும். டி. எஸ். பாலையா நடித்த முத்துராக்குவின் தவிலுக்கு அன்று என்ன குறை நேர்ந்தது? அவரை யார் கேட்டார்கள்? குழுவாய் நின்று வாசிக்கும் கலையில் ஒருவர் தன்மானம் பலருடைய வாயையும் கையையும் கட்டிவிடுகிறது. நம் கதைகளும் படங்களும் எழுந்து போகும் நாயகனின் பெருமிதத்தை எழுதிய அளவுக்கு, இருந்து வாசித்த தவில்காரரின் பொறுமையை எழுதவில்லை. இஃது ஒரு குறையென்றே நாம் கருதுகிறோம்.

நாம் கண்டது

இக்குறையை ஏட்டில் மட்டும் கண்டு நாம் இதனை எழுதவில்லை. பிழைப்பின் பொருட்டு வடபுலத்து நகரங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, பொங்கல் விழாவின் மெல்லிசை நிகழ்ச்சி எத்தகையது என்பதை இம்மலரின் வாசகர் அறிவர். அலுவலகம் முடிந்து, பேருந்து மாறி வந்து, யாரேனும் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஒத்திகை பார்த்த குழுவொன்றில் நாமும் இருந்தோம். நமக்கு வாய்த்தது தாளம் தட்டும் பணி.

ஓராண்டு, நிகழ்ச்சியின் நடுவே மின்சாரம் போயிற்று. ஒலிபெருக்கி ஊமையானது. ஒருவரும் எழவில்லை. கைப்பேசிகளின் வெளிச்சத்தில் பிள்ளைகள் தமக்குத் தெரிந்த பாட்டுகளைப் பாடினர். தபேலாக்காரர் மட்டும் உடன் வாசித்தார். அதுவே அவ்வாண்டின் சிறந்த பகுதி என்று பிறகு எல்லாரும் கூறினர்.

மறு ஆண்டு மின்சாரம் போகவில்லை. இறுதிப் பாட்டை யார் பாடுவது என்று இரு பாடகர்களுக்குள் மேடையிலேயே சொல் வளர்ந்தது. ஒருவர் தம் சொந்தக் கீபோர்டைக் கழற்றி உறையிலிட்டு எடுத்துச் சென்றார். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த தபேலாக்கார இளைஞர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே குடும்பங்கள் இரண்டு கட்சியாயின. நாமும் ஒரு கட்சியில் நின்றோம். இருவருக்கும் அண்டை வீட்டாராய் இருந்தும், ஒரு சொல் சொல்லித் தணிக்கும் வயதும் உறவும் இருந்தும், தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாளாவிருந்தோம். அக்குழு அதன்பின் மேடை ஏறவில்லை. அக்குழுவைக் கேட்டுத் தமிழ்ப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

முடிவுரை

ஊரிலே ஒரு கச்சேரி நின்றால் அடுத்த தெருவில் மற்றொன்று கேட்கலாம். அயல்மொழி சூழ்ந்த நகரில் நமக்குள்ளது ஒரு மேடை. அது நின்றால் அடுத்தது இல்லை. ஆதலின் சிலப்பதிகாரத்தை ஊழின் காப்பியமாகவும் கற்பின் காப்பியமாகவும் நாம் போற்றுவதோடு, செவிமடுத்தலின் காப்பியமாகவும் ஒருமுறை படித்தல் வேண்டும். மாதவியின் ஆடலையும் கோவலனின் பாட்டையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அரங்கேற்று காதையில் பெயரின்றி அமர்ந்திருக்கும் தண்ணுமை ஆசிரியனையும் மறவாமல் சொல்வோம். குறையை நிரப்புவான், மிகையை அடக்குவான், தான் மிஞ்சான். அவன் இருந்த அரங்கு நிறைவுற்றது. அன்று எமக்கு இடப்பட்டிருந்த பணியும் அதுவே என்பதைக் காலம் கடந்து உணர்ந்தோம். இனி ஒரு மேடை அமையுமாயின், இறுதிப் பாட்டை யார் பாடினும் சரி, மங்கலம் முடியும்வரை தாளத்தைக் கீழே வையோம் என்று கூறி அமைகிறோம்.